என்னிடம் கேட்ட போன்

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் ரீசார்ஜ் கடை. எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். பட்டன் போனில் ஐந்தாம் எண்ணின் மேலிருக்கும் சிறு புள்ளி விரலில் பட்டால் போதும், கண் உள்ளவனைவிட வேகமாக நம்பர் அடிப்பேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் நம்பரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் ரீசார்ஜ் போய்விடும்.

போனதா இல்லையா என்பதில்தான் வம்பு. அந்தத் தகவல் என் போனில் எழுத்தாக வரும். எதிரே நிற்பவரிடமே போனை நீட்டி, என்ன வந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் உள்ளபடி படித்தார்கள். சிலர் ஒன்றும் வரவில்லை என்றார்கள். நானும் நம்பி மறுபடி போட்டேன். மாதக் கடைசியில் கணக்கு உதைத்தது. கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கச் சொன்னாள் என் மனைவி. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் காரணம்.

திரையில் வருவதைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை, என்னைப் போலவே பார்வையில்லாத நண்பர் மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தார். என் போன் அதை உள்ளே விடவில்லை. போனைச் செய்த கம்பெனி ஒப்புக்கொள்ளாத எதையும் அது ஏற்காதாம். நான் வாங்கிய போனுக்கு எவனோ எங்கேயோ உட்கார்ந்து காவல் காக்கிறான். கம்பெனி ஒப்புக்கொண்ட மென்பொருளோ போனைவிட விலை அதிகம். அதற்குத் தமிழும் வராது.

போன் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கும் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி என் வாடிக்கையாளர். பட்டனே இல்லாத டச் போன் ஒன்றைச் சொல்லி, அதை வாங்குங்கள் என்றாள். குருடனுக்கு வழுவழு கண்ணாடியா என்று கேலி செய்தேன். தடவிக்கொண்டே போனால், விரல் எங்கே படுகிறதோ அங்கே இருப்பதை அதுவே சொல்லும் என்றாள். துணிந்து வாங்கினேன். அது பேசியது இங்கிலீஷ்; தமிழ்க் குரலை மட்டும் வெளியிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. வெளிச்சரக்கை ஏற்றிக் கெட்டுப்போனால் எங்களிடம் வராதீர்கள் என்று போனை விற்ற கடைக்காரர் முன்னாடியே கைகழுவிவிட்டார்.

அந்தத் திருநெல்வேலிப் பெண்ணே என் கடையில் உட்கார்ந்து அந்த வேலையைத் தொடங்கினாள். பாதியில் போன் ஓர் எச்சரிக்கை காட்டியது. இதனால் போனுக்கு ஆபத்து வரலாம், வந்தால் பொறுப்பு உங்களுடையது, சம்மதமா என்று கேட்பதாகப் படித்துச் சொன்னாள்.

"கம்பெனிக்காரன்கிட்ட கேக்கல அண்ணாச்சி, ஒங்ககிட்டதான் கேக்குது. சரின்னு அமுக்கட்டா?"

"நீ வுடும்மா, நானே அமுக்குறேன்" என்றேன். என் விரலைப் பிடித்து இடம் காட்டினாள். அமுக்கினேன்.

சிறிது நேரத்தில் ஜலதோஷம் பிடித்த ஆள் மாதிரி அது தமிழ் பேசியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

கை பழகியதும் கடைக்கு அதையே கொண்டுபோனேன். முதல் நாள் மாலை, அவசரமாக வந்த ஒருவருக்கு ரீசார்ஜ் போட்டேன். பழக்கதோஷத்தில் அவரே போனை எட்டிப் பார்த்துவிட்டு, "வரலியே, இன்னொரு தபா போடு" என்றார். தகவல் இருக்கும் இடத்தில் விரலை வைத்தேன். அவர் நம்பரை ஒவ்வொரு எண்ணாக, பிறகு தொகையை, பிறகு ரீசார்ஜ் ஆகிவிட்டது என்பதை, பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி போன் படித்தது. வரிசையே சிரித்தது. மனிதர் நடையைக் கட்டினார். எனக்கு இருந்த குஷியில் கடையை இருபத்து நாலு மணி நேரமும் திறந்து வைத்திருப்பேன்.

அடுத்து நின்றவருக்கு விஷயம் முழுசாகப் புரியவில்லை போலிருக்கிறது. மெசேஜ் வந்ததும் நான் படித்துச் சொல்கிறேன் அண்ணே என்றார், நல்ல மனதோடு.

"வேணாம்பா" என்றேன். "நீ நம்பரச் சொல்லு."