சித்தப்பாவின் மஞ்சள் இரத்தம்

இரத்தம் என்றால் சிவப்பு, விழுந்தால் வரும், அம்மா மஞ்சள்தூளை வைத்து அழுத்தினால் நிற்கும். எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் தெரிந்துகொள்ளும்படி எங்கள் வீட்டுக்கு ஒரு வருஷம் வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

முதலில் அண்ணனுக்குப் பல் துலக்கும்போது ஈறில் கசிந்தது. "பிரஷ்ஷப் போட்டு அந்தத் தேய் தேய்ச்சா வராம என்ன செய்யும்" என்று அம்மா திட்டினாள். பிறகு எங்கும் இடித்துக்கொள்ளாமலே அவன் கைகால் நீலம் நீலமாகக் கன்றிப்போயிற்று. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. நாங்கள் அப்போது மைசூரில், அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா கட்டட மேஸ்திரி. பையனுக்கு இரத்தம் குறைவாம் என்று செய்தி பரவியதும் சந்தே திரண்டு பீட்ரூட்டும் மாதுளையும் கொண்டுவந்து குவித்தது. சிவப்பாக இருப்பதைத் தின்றால் சிவப்பு ஊறும் என்பது அவர்கள் வைத்தியம். பீட்ரூட் என்றாலே ஓடுகிற அண்ணன் பாவம், மூன்று வேளையும் அதையே மென்றான். மாதுளையில் பாதி என் வயிற்றுக்குப் போயிற்று.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது வேறு. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்தத்தைச் செய்கிறது, அண்ணனுக்கு அது வேலையை நிறுத்திக்கொண்டு வருகிறது என்றார். மருந்து பிடிக்கும்வரை அடுத்தவர் இரத்தத்தில்தான் காலத்தை ஓட்ட வேண்டும். அப்பா தினம் இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவரிடம் எடுக்க மாட்டார்கள். அம்மாவுக்கே இரத்தம் போதாது. அண்ணனின் குரூப்பில் சொந்தத்தில் இருந்த ஒரே ஆள் சித்தப்பா.

அவர் அப்பாவின் தம்பி. கல்யாணமாகாதவர், அப்பாவிடமே பூச்சு வேலை பார்த்தார். ஆள் மலை மாதிரி இருப்பார், சாமி விஷயத்தில் மட்டும் குழந்தை. அண்ணன் எழுந்திருக்க வேண்டும் என்று மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போவதாக வேண்டிக்கொண்டார். ஹனூர்ப் பக்கத்து எங்கள் ஆட்கள் அப்படிக் கிளம்பினால், மலையேறி சாமியைப் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. நடுவில் முறித்தால் யாருக்காக வேண்டினோமோ அவர் தலையில் போய் விடியும் என்பார்கள். சித்தப்பா காலையில் குளித்துவிட்டு, வெறும் வயிற்றோடு கொள்ளேகால் பஸ் ஏறினார். அங்கிருந்து நடை.

மறுநாள் அண்ணனுக்கு மூக்கிலிருந்து இரத்தம் கொட்ட ஆரம்பித்து நிற்கவே இல்லை. துண்டு மேல் துண்டாக நனைந்தது. உடனே தட்டணுக்கள் ஏற்ற வேண்டும், ஆளைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். அப்பா போன் போட்டார். ஹனூரைத் தாண்டி நடந்துகொண்டிருந்த சித்தப்பா, வந்த வழியே திரும்பி பஸ் பிடித்து மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். காலில் செருப்பு இல்லை. நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்திருந்தது.

சாப்பிட்டாயிற்றா என்பதுதான் நர்ஸம்மா கேட்ட முதல் கேள்வி, "ஊட்டா ஆயித்தா?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஆச்சுங்க" என்றார். பொய்யே சொல்லத் தெரியாத மனிதர் சொன்ன பொய். அதுவும் அரை நிமிஷம் நிற்கவில்லை. பரிசோதனைக்கு விரலில் குத்தியதுமே கண் இருட்டி அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டார். நர்ஸம்மாவுக்கு வந்ததே கோபம்! வெறும் வயிற்றோடு வருகிறவனிடம் இரத்தம் எடுத்து, நாளைக்கு உன் உயிருக்கு நானா பதில் சொல்வது என்று கன்னடத்தில் பொரிந்து தள்ளினாள். சாப்பிட்டுவிட்டு வந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

"வேண்டாமுங் அண்ணி. வெரதம் முறிஞ்சா பையனுக்கு ஆகாதுங்" என்றார் சித்தப்பா.

"அங்க மூக்குல ஊத்துது தம்பி. அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றாள் அம்மா. கேன்டீனுக்குப் போய் இட்லி வாங்கி வந்தாள். பிட்டுச் சாம்பாரில் தோய்த்து, அவர் வாயருகே கொண்டுபோனாள். சித்தப்பா இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அவ்வளவு பெரிய ஆளுக்கு ஊட்டிவிடுகிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சாமி பார்த்துவிடக் கூடாது என்றுதான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

நெடுநேரம் படுக்கவைத்து, மறுபடி எல்லாம் சோதித்துப் பார்த்த பிறகே அவரை மெஷினில் சேர்த்தார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு குழாயில் சிவப்பாகப் போனது, மெஷினுக்குள் எதுவோ சுற்றியது, மறுபடி சிவப்பாகவே அவர் உடம்புக்குத் திரும்பியது. மேலே தொங்கிய பையில் மட்டும் அன்னாசிச் சாறு போல மஞ்சளாக ஒன்று சேர்ந்தது. ஐயோ, சித்தப்பாவின் இரத்தம் கெட்டுப்போயிருக்கிறதே என்று பயந்துபோனேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். நர்ஸம்மா சொன்னதைச் சித்தப்பா தம் பாஷைக்கு மாற்றிச் சொன்னார். "கெடல கண்ணு. ரத்தம்னா ஒரே சரக்கில்லயாம். அது ஒரு சைட் மாதிரி. செவப்பு அணு சித்தாளு, மூச்சுக்காத்தச் சொமந்துக்கிட்டுப் போயி எடத்துக்கு எடம் எறக்கும். வெள்ளை அணு வாட்ச்மேன், நோவு உள்ள வராமப் பாக்கும். இந்த மஞ்சத் தண்ணிலதான் எல்லாம் மெதக்குது. அதுல பூச்சு வேலைக்காரன் இருக்கான் பாரு, ஒழுகற எடத்துல போயி அடைக்கறவன், அவன மட்டும் எடுத்துக்கிட்டாங்க."

"அண்ணனுக்கு ஏன் இல்ல?"

"எலும்புக்குள்ள இருக்கற மேஸ்திரி ஆளனுப்பறத நிறுத்திட்டான்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அண்ணனின் மூக்கில் இரத்தம் நின்றது. "சும்னிரு" என்று கன்னடத்தில் என்னை அதட்டும் அளவுக்குத் தெம்பும் வந்தது. எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சித்தப்பாவைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அண்ணன் போய்விட்டான். காய்ச்சல். காவலுக்கு வெள்ளை அணு இல்லாத உடம்பில் அது தங்கிவிட்டது. தட்டணுக்கு ஆயுளே சில நாள்தான், சித்தப்பா தந்தது தன் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிற்று, காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதெல்லாம் நான் வளர்ந்து படித்துத் தெரிந்துகொண்டது. அவரிடம் எடுத்துச் சொன்னபோது, "அப்படியா கண்ணு" என்று கேட்டுக்கொண்டார். நம்பினாரா, தெரியாது.

அண்ணன் போன பிறகு சித்தப்பா எங்கள் வீட்டில் கை நனைக்கவே இல்லை. வருவார், எனக்கு ஏதாவது வாங்கி வருவார், இலை போடும் நேரத்துக்கு எழுந்துவிடுவார். "தண்ணி போதுமுங் அண்ணி." சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட காப்பி கொடுக்காமல் அனுப்பாத அம்மா, அவரிடம் மட்டும் இரண்டாம் தடவை கேட்கமாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பெரிய இவரு, நம்ம வீட்டுச் சோறு எறங்காதாமா" என்று ஒருநாள் அவர் காதுபடவே சொன்னேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

விரதம் முறிந்ததால்தான் பையன் போனான் என்று அந்த மனிதர் நம்பியதும், அதன்பின் அம்மா கைச் சோறு அவருக்கு இறங்காததும், காரணத்தை வாயைத் திறந்து சொன்னால் பழி ஊட்டிவிட்ட கையின் மேல் போய் விழும் என்று அஞ்சிப் பசியோடு எழுந்து போனதும், அம்மாவுக்கு அது தெரிந்தே இருந்ததும் அந்த வயதில் எனக்கு எங்கே விளங்கியது? அவரைத் திமிர் பிடித்தவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.