மக்டலீனின் புழுப்பெட்டி

மீனவர் ஊரான குருநகரிலிருந்து மக்டலீன் அந்த அலுவலகத்தில் தேநீர் ஊற்றவும் கூட்டித் துடைக்கவும் வந்து பதினொரு வருடம். தேநீர் அறை மூலையில் ஒரு கழிவு வாளி. பழத்தோலும் தேயிலைச் சக்கையும் அதில் கிடந்து நாறும். குப்பை வண்டி வருவதோ கிழமைக்கு ஒருமுறை. ஆனால் மூக்கைச் சுளிக்கிற ஒருவரும் வாளியைப் பார்ப்பதில்லை. "மீன் மணக்குது, மக்டலீன் வந்திட்டா போல" என்பார்கள். பகிடிதானாம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அடுத்த நாள் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வருவாள். அவ்வளவு வலித்தது.

வாளியை ஒழித்தால் பழியும் ஒழியும் என்று நினைத்தாள். அலுவலகக் கோவைகளைப் பார்க்கும் கேதீஸ்வரி, கழிவைத் தின்னட்டும் என்று தன் சண்டிலிப்பாய்த் தோட்டத்திலிருந்து ஒரு சிரட்டை மண்புழு கொண்டுவந்து கொடுத்தாள். மீன் அடுக்கும் வெள்ளை நுரை றெஜிபோம் பெட்டி ஒன்றைத் தேய்த்துக் கழுவித் துளையிட்ட மக்டலீன், அடியில் பரப்பக் கரையில் ஒதுங்கிக் காய்ந்த சாதாளை என்ற கடற்புல்லை அள்ளி வந்தாள். தோட்டக்காரர் பசளைக்கென்று அதை லொறியில் ஏற்றிப்போவதைச் சிறுவயதில் கண்டவள். போட்ட இடத்தில் ஒரு மாரி முழுக்க அது மழையில் நனைந்து கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை புழுக்கள் பெட்டியை விட்டு வெளியேறிச் சுவரில் ஊர்ந்தன. பாதி செத்துக் கிடந்தன. நிர்வாக உத்தியோகத்தர் சோமசேகரம் தேநீர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உந்தப் பெட்டியைக் கொண்டுபோய் எறியும். இருக்கிற நாத்தம் காணாதே?"

"ஒரு மாதம் தாங்கோ சேர். சரிவராட்டி நானே எறியிறன்."

அவர் போனபின் சாதாளையில் ஒரு இழையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். மழை கழுவாத முழு உப்பு, அதுதான் புழுக்களைக் கொன்றது. பிறந்ததிலிருந்து உப்புக்காற்றில் கிடந்தவளுக்கு அது முன்பே தோன்றவில்லை. சின்ன வயதில் தூண்டிலில் எத்தனையோ புழுக்களைக் குத்தியிருக்கிறாள், ஒருநாளும் பாவம் பார்த்ததில்லை. அன்று உயிரோடு மிஞ்சியவற்றைப் பொறுக்கும்போது கண் கலங்கிவிட்டது.

பிறகு பழைய சுற்றறிக்கைகளைக் கிழித்து நனைத்துப் பரப்பினாள். மனிதர் ஒருவரும் வாசிக்காத அவற்றைப் புழுக்கள் ஒரு வரி விடாமல் தின்றன. பழத்தோலும் சக்கையும் பெட்டிக்குள் போக, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

மாதம் முடிந்த அன்று சோமசேகரம் தேநீர் அறைக்குள் வந்தார். பெட்டி மூடியைத் திறந்து குனிந்தார். நிமிர்ந்து, அறையைச் சுற்றி மோந்து பார்த்தார்.

"இப்ப இங்கை ஒரு மணமும் இல்லையே, மக்டலீன்."

அவள் தேநீர்க் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"ஓம் சேர். நான் இங்கைதான் நிக்கிறன்."