பல் தெரியச் சிரித்த படம்

அம்மாவிடம் கனமான படப்புத்தகம் ஒன்று இருந்தது. அருப்புக்கோட்டை மிஷன் பெண்கள் பள்ளியில் அவள் டிராயிங் டீச்சர். சீமைக்குத் திரும்பிய துரைசானி ஒருத்தி விட்டுப்போன புத்தகம் அது. பிரான்சு தேசத்து ஜனங்கள் ராஜாவுக்கு எதிராகக் கிளம்பிய காலத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் பக்கத்துக்குப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். மாவு தூவிய கூந்தல், இறகு வைத்த தொப்பி, நுரைபோல மஸ்லின் துணி. பின்னால் தலை வெட்டுப்பட்ட ஒருத்தியின், பட்டு நாடா கட்டிய கழுத்தைத் தொட்டு, "இவ்வளவு சிங்காரிச்சும் அந்தக் கழுத்து நிலைக்கலையே," என்பாள் அம்மா, சொந்தக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல.

அவளுக்குப் பிடித்தது, அவர்களையெல்லாம் வரைந்த ஒரு பெண், தன்னையும் மகளையும் வரைந்துகொண்ட படம். மகளை அணைத்தபடி, உதடு பிரிந்து பல் தெரியச் சிரிப்பாள். கௌரவமான பெண் பல்லைக் காட்டலாமா என்று பாரிசே ஏசியதாம். கலகம் வந்ததும் அந்த மகளோடு நாட்டைவிட்டே கிளம்பிவிட்டாளாம்.

நாற்பத்திரண்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்துக்குப் போன எதிர்வீட்டு மாமாவைச் சிறையில் அடைத்தார்கள். பந்தல்குடிப் பக்கம் கரிசல் காட்டை உழுது பிழைக்கும் சம்சாரிக் குடும்பம். ஒரு சனிக்கிழமை அவர் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, என்னைய ஒரு படம் எழுதித் தாங்க. கொழுந்தன் செயிலுக்கு அவுகளப் பாக்கப் போறாக, குடுத்துவிடணும். சிரிக்கிற மாதிரி எழுதுங்க. நான் அழுதுக்கிட்டே கெடக்கேன்னு நெனச்சு உருகுவாக."

வெள்ளைக்காரர் நடத்தும் பள்ளி. படம் போகுமிடம் தெரிந்தால் வேலை போய்விடும். எங்களுக்கு அப்பாவும் இல்லை. அம்மா சற்று நேரம் தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஜன்னலோரம் பாயை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மதினி," என்றாள்.

இன்று படம் என்றாலே சிரிப்புத்தான். அன்று எங்கள் பக்கத்தில் போட்டோவுக்கு நிற்கிறவர்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல நிற்பார்கள். மருமகளைத் தேடிக்கொண்டு வந்த அத்தையின் மாமியார் வாசலிலேயே வெடித்தாள். "புருசன் செயில்ல கெடக்கான், நீ பல்லக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்க?"

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. அம்மா கோபப்படவில்லை. புத்தகத்தை விரித்து, அந்தச் சிரிக்கும் பெண்ணின் கதையைச் சொன்னாள். மாமியார் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏசுனவுகல்லாம் இப்ப எங்க?"

"மண்ணாப் போயிட்டாக."

"இவ இன்னும் சிரிச்சுக்கிட்டுல்ல இருக்கா."

பாயில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் மருமகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "ம், சிரி தாயி. எம்புள்ள பாக்கட்டும்."

மாமா விடுதலையாகி வந்த அன்று தெருவே கூடியிருந்தது. இளைத்துக் கறுத்திருந்தார். மடித்து மடித்து நைந்த படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்தால், அத்தை தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏத்தா, இதுல சிரிச்சவ எங்க?"

"அது ஒங்களுக்காகச் சிரிச்சது," என்றாள் அத்தை. "இப்ப எனக்காகக் கொஞ்சம் அழுதுக்கிறேன்."

அவள் அழுது முடிக்கும்வரை, அத்தனை பேர் முன்னாலும், மாமா பக்கத்திலேயே நின்றார்.