மாட்டுக்குப் போட்ட கீரை

எங்கள் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் வரிசை வீடுகளுக்குக் கீழே இருக்கிற சிங்களக் கிராமத்தில் விடிந்ததும் பச்சைப்பசேலென்று ஒரு கஞ்சி குடிக்கிறார்கள், ஐயா! வல்லாரையை இடித்துச் சாறெடுத்து, சிவப்பரிசியோடு காய்ச்சி, ஒரு கடி கருப்பட்டியோடு குடித்துவிட்டு வயலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இலங்கையில் இந்த மாத்தளைக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. அரிசி தாராளமாகக் கிடைக்கும் சீமையில் தழையை ஏன் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் எங்களுக்குக் கேழ்வரகுக் கூழும் குப்பைக்கீரையும்தான். வெள்ளைச் சோறு பண்ணையார் வீட்டுப் பண்டம். அந்த ஆசையில், தோட்டத்தில் வாராவாரம் கொடுத்த புழுங்கலரிசியைக்கூட நான் மதிக்கவில்லை. டவுன் கடைத்தெருவுக்குத் தூக்கிப்போய், நன்றாகத் தீட்டிய பச்சரிசியாக மாற்றிக்கொண்டு வருவேன். என் மனைவி செல்லாயி அதை நாலு தண்ணீர் கழுவி வடிப்பாள். தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாயும். கீரை பறிப்பது பஞ்சத்தில் அடிபட்டவன் வேலை என்று தடையே போட்டிருந்தேன். செல்லாயி மட்டும் வடித்த கஞ்சியைக் கொட்ட மனமில்லாமல் குடித்துவிடுவாள். நான் கேலி செய்வேன். மூன்று வேளையும் பண்ணையார் ஆகிவிட்ட மிதப்பு எனக்கு!

இரண்டு வருஷத்தில் என் பாதம் மரத்துப்போனது; கஞ்சி குடித்த செல்லாயிக்கு ஒன்றுமில்லை. கத்தியால் தேயிலைச் செடிகளை வெட்டிக் குறுக்குவதைக் கவ்வாத்து என்போம். என் பிழைப்பு அதுதான். வெறுங்காலில் முள் ஏறியதுகூடத் தெரியவில்லை. எழுந்து நின்றால் முழங்கால் மடங்கியது. தோட்டத்து மருந்தய்யா காலைத் தட்டிப் பார்த்தார்.

"என்னப்பா திங்கிற?"

"நல்ல வெள்ளச் சோறுங்க!" என்றேன் பெருமையாக.

"அதான்யா வெனை! தவிட்டுச் சத்தெல்லாம் மில்லுலயே போயிருச்சு. கீரை தின்னு, தீட்டாத தானியம் தின்னு. ரெண்டு மாசத்துல மேமலைக் கவ்வாத்து. கத்தி புடிச்சு நிக்கலைன்னா தொரை ஒன்னய ஊருக்கு ஏத்திவிட்டுருவாரு."

ஊரில் எங்களுக்கென்று ஒரு குடிசைகூட மிச்சமில்லை. எங்கே போய் இறங்குவது?

லயத்துக்கு வெற்றிலை விற்க வரும் பொடிமெனிக்கே, கீழ்க் கிராமத்துக்காரி. செல்லாயி அவளிடம் என் காலைப் பற்றிப் புலம்பியிருக்கிறாள். மறுநாளிலிருந்து அவள் ஒரு கட்டுத் தழையை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். மருந்தய்யா சொன்ன கீரை ஏதோ வெள்ளைக்காரர் தோட்டத்து உசத்திச் சமாச்சாரம், இந்தக் காட்டுத் தழை அல்ல என்றிருந்த நான், இதை லயத்துக் கோடியில் கட்டியிருந்த எங்கள் மாட்டுக்குத்தான் கொடுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மாட்டின் சார்பில் கும்பிடும் போட்டேன். நாலாம் நாள் மாடு வல்லாரையை அசைபோடுவதைப் பார்த்துப் பொடிமெனிக்கே தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ! மாட்டுக்கா குடுத்தீங்க? ஒங்களுக்கு! ஒங்க காலுக்கு!"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளோ விடவில்லை. அடுத்த நாள் கீரையோடு ஒரு பொட்டலம் மாவும் கொண்டுவந்தாள். குரக்கன், மாத்தளைக்கு வடக்கே நாலந்தாப் பக்கத்தில் காடு வெட்டி விதைப்பது என்றாள். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். கேழ்வரகு! எந்தக் கூழுக்குப் பயந்து கடல் தாண்டினேனோ, அது எனக்கு முன்பே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

செல்லாயி களி கிண்டினாள். பொடிமெனிக்கே வல்லாரையை அரிந்து, தேங்காய்ப்பூவும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசைந்து கொடுத்தாள். தினமும் தின்றேன். தோட்டத்துப் புழுங்கலரிசியையும் பிறகு பச்சரிசியாக மாற்றவில்லை. செல்லாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரை நடந்தேன். பிறகு பிடிக்காமல் நடந்தேன். ஒருநாள் காலில் முள் தைத்து "அம்மா!" என்று அலறினேன். வலிக்கிறது, வலிக்கிறது என்று நான் கூத்தாடியதைப் பார்த்து லயமே கூடிவிட்டது.

மேமலைக் கவ்வாத்து தொடங்கிய காலையில் கங்காணி என் பெயரைக் கூப்பிட்டார். போனேன். அன்று முழுவதும் நின்றேன்! அந்தச் சரிவில் கத்தி பிடிப்பவன் ஒரு காலை மேட்டிலும் ஒரு காலைப் பள்ளத்திலும் ஊன்றித்தான் நிற்க வேண்டும். ஒரு காலில் என் ஊர், இன்னொரு காலில் மாத்தளை. இப்போது இரண்டிலும் உணர்ச்சி இருக்கிறது. எந்தக் காலை எடுத்தாலும் விழுந்துவிடுவேன்.