பாஸ் இல்லாத மைனர் நைன்

ஏ மைனர் நைன் என்றால் சேர்ந்து ஒலிக்கும் ஐந்து சுரங்கள், ஒரு சோகக் கார்டு. நான் கிட்டாரில் நான்கைத்தான் பிடிப்பேன். அடிச்சுரமான ஏ-யைத் தொடமாட்டேன். பாகூர் பக்கத்து மாதா கோயில் பாடகர் குழுவில் என்னோடு பாஸ் கிட்டார் வாசித்த நண்பன் போட்ட சட்டம் அது.

"அடிய நான் பாத்துக்கறேன்டா. நீ மேல போ" என்பான்.

நானும் மேலே போனேன். அதே நான்கு சுரங்களை, எது கீழே வருவது என்று மாற்றி மாற்றி, கிட்டாரின் கழுத்தில் நான்கு இடங்களில் பிடிக்கப் பழகினேன். இன்வெர்ஷன் என்பது அவ்வளவுதான். விரல் நோக வைக்கும், மற்றபடி பெரிய வித்தை இல்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு அவன் பிரான்சுக்குப் போய்விட்டான். வேறு பாஸ் ஆளைச் சேர்க்கலாம் என்றார்கள் குழுவில். நான் முறைத்ததில் பேச்சை விட்டுவிட்டார்கள். அவன் திரும்பி வருவான் என்று நம்பினேன். கீபோர்டுக்காரர் அடிச்சுரங்களை இடது கையால் சமாளித்ததில் ஞாயிற்றுக்கிழமைகள் ஓடின.

போன வருஷம் அவன் அம்மா இறந்துபோனார். தனியாக இருந்தவர். அடக்கத்துக்குள் அவனால் வந்து சேர முடியவில்லை. "அம்மாவுக்குப் புடிச்ச பாட்ட நீ வாசிடா, நான் வீடியோல பாக்கறேன்" என்றான். வேலை நாள். கீபோர்டுக்காரர் திருவாண்டார்கோயில் கம்பெனியில் பகல் ஷிப்ட். அடக்கப் பூசையில் போனைப் பாட்டுப் புத்தகத்தின் மேல் சாய்த்துவைத்துவிட்டு நான் மட்டும் வாசிக்க ஆரம்பித்தேன்.

குழுவில் பாடும் அக்கா குனிந்து, "இன்னாப்பா, கல்யாணப் பூசை மாதிரி கீது?" என்றார்.

முகம் சுட்டது. ஏ இல்லாவிட்டால் மிச்சம் நிற்பது சி மேஜர் செவன், சிரித்த முகக் கார்டு. காகிதத்தில் இது எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் அதைச் சோகமாக்கியது அவன் பாஸும், அவன் போனபின் கீபோர்டுக்காரரின் இடது கையும்தான் என்பது மட்டும் உறைக்கவில்லை. போனில் அவன் முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கட்டைவிரலை இறக்கி ஏ சுரம் தரும் ஐந்தாம் தந்தியைச் சும்மா அடித்தேன். பாட்டு சரியானது. பின்னால் யாரோ அழுதார்கள்.

சாயங்காலம் கூப்பிட்டான். "நல்லா இருந்துச்சுடா. பாஸே தேவப்படல."

பாராட்டுத்தான். அவன் இடத்தைக் காலியாகவே வைத்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "எப்படா வர்ற?" என்றேன்.

"இனிமே அங்க யாருடா கீறாங்க, வர்றதுக்கு?"

நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.