தாயம்மாவின் உள்ளங்கை

வேலிக் கதவில் எல்லாரையும் தடவிப் பார்க்கிற தாயம்மாவை யார் தடவிப் பார்ப்பது? ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகும் பெண்கள் விடியாத இருட்டில் வரிசையாக நின்றபடி இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எங்கள் தோட்டத்து லயவீடுகளில் யாருக்கும் பதில் தெரியாது, எனக்கும்தான்.

தாயம்மா அதைக் காதில் வாங்க மாட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்ப்பாள், வாயருகே கொண்டுபோய் ஊதுவாள். அதற்குப் பிறகுதான் முதல் பெண்ணைத் தொடுவாள். அக்குள், இடுப்பு, மடி, கொண்டை. வாளிக்குள் ஒரு பார்வை. "ஒண்ணுமில்ல, போ." அடுத்தவள் வருவதற்குள் மறுபடி தேய்ப்பாள், ஊதுவாள். பனிக்காலையில் சில்லென்ற கை மேலே பட்டால் உடம்பு கூசுமே என்பது அவள் எண்ணம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த சமயம் அது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். ஒரு பிடிச் சோறு கதவைத் தாண்டினாலும் சிறைதான். வெறும் வரக்காப்பியோடு பெண்கள் மதியம்வரை பால் எடுத்தார்கள். முழங்கால் வீங்கி மேட்டு மர நிரைக்கு ஏற முடியாமல் போன தாயம்மாவைக் தோட்டத்துக் கணக்கர் கிராணி இந்தச் சோதனை வேலையில் நிறுத்தினார்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ராக்கம்மாவின் வாளிக்குள் கஞ்சி இருந்தது. பின்னால் காவல்காரர் துப்பாக்கியோடு நின்றார். அவர் பார்ப்பதற்குள் தாயம்மா அதை மண்ணில் கவிழ்த்துவிட்டாள். சிறைக்குத் தப்பிய ராக்கம்மா அன்று பசியில் நிரையிலேயே மயங்கி விழுந்தாள். அதன்பிறகு ராக்கம்மா தாயம்மாவோடு பேசுவதில்லை. கையைத் தூக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள்.

கிறிஸ்துமஸுக்குத் தோட்டத்துத் துரை லாரி கொடுத்தார். போர்டிக்சன் கடற்கரைக்குப் போய்வரலாம்; ஆனால் அன்றும் சோறு வெளியே போகக் கூடாது.

"கோழிய அடிச்சி கறி வச்சிட்டு, கடையில ரொட்டி திங்கப் போறோம் லா" என்று மங்கம்மா புலம்பினாள்.

எல்லாரையும் சோதித்து ஏற்றிவிட்டுத் தாயம்மா கடைசியாக ஏறினாள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் மடிக்குள் வாழையிலையில் சுருட்டிய எலுமிச்சஞ் சோறு, வயிற்றோடு ஒட்டி, இன்னும் சூடாக இருந்தது. வழியில் ராசா என்கிற ஊரைத் தாண்டியும் அதை ராக்கம்மாவிடம் எப்படிக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. லாரியில் கூடவே வந்த காவல்காரர் கண்ணில் பட்டால் தன் கதி என்னவென்று மட்டும் நன்றாகத் தெரிந்தது.

கடலுக்கு வேலி இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு பெண்கள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். சவுக்கு மர நிழலில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் காகிதத் தொப்பியைக் கழற்றாமலே தூங்கின. எங்கேயோ ஒரு கிராமபோன் பாட்டு, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது. ஒரு கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் வானத்தோடு ஒட்டிக் கிடந்தது. காவல்காரர் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினார்.

பிறகு பெண்கள் கைகோத்துக்கொண்டு அலைக்குள் இறங்கினார்கள். தாயம்மா கணுக்கால் தண்ணீரிலேயே நின்றாள். அவள் கோத்துக்கொள்ள ஒரு கை இல்லை.

"அக்கா, போலீஸ்காரம்மா வரலையா?" என்று மங்கம்மா தாயம்மாவைக் காட்டிக் கேட்டாள்.

"வந்தா மீனெல்லாம் கையத் தூக்கி நிக்கும் லா" என்றாள் ஒருத்தி.

"மீனுக்கு ஏதுடி கை?"

"அப்ப செட்டையத் தூக்கும்."

ராக்கம்மா சிரிக்கவில்லை. வரிசையை விட்டு விலகி, சொட்டச் சொட்டக் கரையேறினாள். மணலில் கிடந்த தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தாயம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கையத் தூக்கு."

சிரிப்புச் சத்தத்தில் காவல்காரர் கண் விழித்தார். தாயம்மா மெதுவாகக் கைகளைத் தூக்கினாள்.

ராக்கம்மா ஈரக் கைகளைத் துண்டில் துடைத்தாள். பரபரவென்று தேய்த்தாள். வாயருகே கொண்டுபோய் ஊதினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அத்தனை காலையிலும் இவள் இதைப் பார்த்திருக்கிறாள்.

அக்குள், இடுப்பு. மடியில் வந்து கை நின்றது. இலை லேசாகச் சரசரத்தது.

"யாருக்கு?" ராக்கம்மாவின் குரல் தாயம்மாவுக்கு மட்டும் கேட்டது.

"ஒனக்குத்தான். காலையிலேர்ந்து கூப்பிட்டுக் குடுக்க வாய் வரல."

"என்னாம்மா அங்க?" என்றார் காவல்காரர்.

துண்டு தாயம்மாவின் இடுப்பை ஒருமுறை சுற்றிக்கொண்டு திரும்பியது. பொட்டலம் எப்போது அதற்குள் போனது என்று தாயம்மாவுக்கே தெரியாது. ராக்கம்மா அவர் பக்கம் திரும்பி, தினமும் காலையில் தாயம்மா சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"ஒண்ணுமில்ல."

பிறகு தாயம்மாவிடம், "போ" என்றாள். துண்டைச் செருப்புகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்து, கடலுக்குள் இறங்கத் தாயம்மாவுக்குக் கையை நீட்டினாள்.

இப்போது எங்கள் தோட்டத்தில் வேலியை எடுத்துவிட்டார்கள். வேறு தோட்டங்களில் கையைத் தூக்கி நின்ற பெண்கள் உங்களுக்குத் தெரிந்திருப்பார்கள். தடவிப் பார்த்தவர்களும் தெரிந்திருப்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். மற்றது எதை விட்டாலும், ராக்கம்மா கையைத் தேய்த்து ஊதியதை விடாமல் சொல்லுங்கள்.