வாங்க என்று கேட்காதவள்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பாதி ஆயுளைப் பனியன் கம்பெனியில் கழித்தவள் நான். போன வாரம் நாலு வயதுப் பேத்தியின் புதுப் பனியனில் கழுத்து லேபிளை வெட்டப் போய், முதுகையும் சேர்த்து வெட்டிவிட்டேன். பனியனின் முதுகைத்தான், பயப்படாதீர்கள். லேபிள் உறுத்துகிறதென்று வீடு அதிர அழுத குழந்தை, ஓட்டை விழுந்ததும் நிம்மதியாகச் சிரித்தது. மகள்தான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, ஆட்டிசம் இருக்குன்னு அவளைத்தான சொன்னாங்க? உனக்கென்ன வந்துது?"

அவள் விளையாட்டாகக் கேட்டாள். ஐம்பதை நெருங்கும் எனக்கு அது விளையாட்டாக இல்லை. என் நைட்டி ஒன்றில்கூட லேபிள் கிடையாது.

இத்தனைக்கும் அருள்புரத்துக் கம்பெனியில் எனக்கு லேபிள் வைக்கிற வேலை. அயர்ன் ஆவியும் சலவை மருந்து வாடையும் அடிக்கும் அந்த மேசையில் உட்கார்ந்து, முகம் தெரியாத வெள்ளைக்காரக் கழுத்துகளுக்கெல்லாம் அரிப்பு ஏற்றுமதி செய்தேன். பக்கத்து ஸ்டூலில் ஜெயராணி. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். யாராவது வேடிக்கையாகப் பேசினால் எந்த இடத்தில் சிரிப்பதென்று எனக்குப் பிடிபடாது. மேசைக்கடியில் அவள் கால் என் காலை இடிக்கும், சிரிப்பேன். சில நாள் நிறுத்த மறந்துவிடுவேன்.

"ஏட்டி, எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு. வாய மூடு."

பிறகு நானே ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். ஜோக்கை நான் சொல்லிவிட்டால், எங்கே சிரிப்பதென்பது மற்றவர்கள் கவலை. அப்படித்தான் ஊரில் பெரிய கேலிக்காரி ஆனேன்.

ஆனால் கல்யாண மண்டபத்து வாசலில் ஜோக் செல்லாது. எங்கள் பக்கத்தில் வருகிறவர்களை ஒவ்வொருவராக முகம் பார்த்து 'வாங்க' என்று கேட்க வேண்டும். கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு வாங்க போட்டால் கணக்கில் சேராது. நாத்தனார் மகள் கல்யாணத்தில் என்னை வாசலில் நிறுத்தினார்கள். காதுக்குள் மேளம், மூக்கில் மல்லிகையும் பன்னீரும், எல்லா முகமும் ஒரே முகம். சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு வெளியே போகிறவர்களையும் வாங்க என்றேன். பந்தல்காரரைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"ஏனுங்கம்மா, நான் காலைல இருந்து இங்கதானுங்க இருக்கேன்," என்றார் பாவம்.

விட்டுப்போனது ஒரே ஒருவர். உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த மாமியாரின் அண்ணன். பழனியில் மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தார், எனக்கு அடையாளம் தெரியவில்லை. மனிதர் சாப்பிடாமலே காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"எங்கண்ணனை வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்க உனக்கு வாய் வலிக்குதா? திமிரு!" என்றார் மாமியார்.

பத்தாவதில் தோற்றவளுக்கு எதை வைத்துத் திமிர் வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. மண்டபத்துக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்த ஒரே சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து சொந்தத்தில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்றுதான் பெயர்.

நேற்று பேத்தியைப் பயிற்சிக்கு விடும் இடத்தில் டீச்சர் என் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் மிரளும், முகம் பார்க்காது, சில பெண் குழந்தைகள் பிறரைப் பார்த்துப் பார்த்து அதேபோல் நடித்துச் சமாளிப்பார்கள், வெளியே தெரியாது என்றார். யாரோ என் ஜாதகத்தைச் சத்தமாக வாசிப்பதுபோல் இருந்தது. திமிர் இல்லை, இதற்கு வேறு பெயர் என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும் என்று தோன்றிவிட்டது. மகள் குழந்தையைக் கைகழுவக் கூட்டிப்போன சமயம் பார்த்துக் கேட்டேன்.

"ஏனுங்க மிஸ், எனக்கும் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

அவர் சிரித்தார். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிற மாதிரி ஊரைப் பழக்கி வைத்திருக்கிறேனே.

"நெசமாத்தான் கேக்கறனுங்க."

"பெரியவங்களுக்கு இங்க பாக்கறதில்லீங்க. கோயமுத்தூர்ல விசாரிக்கோணும். அங்கியும், சின்ன வயசுல உங்க கூட இருந்து பாத்தவங்க யாராச்சும் வந்து சொல்லோணும். அம்மா இருக்காங்களா?"

அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. மாமியாரும் இல்லை, இருந்தால் வந்து திமிர் என்றாவது சாட்சி சொல்லியிருப்பார். அருள்புரத்துக் கம்பெனியை மூடிவிட்டார்கள், மேசை இருந்த இடம் இப்போது யாருடைய குடோனோ. ஜெயராணி ஊரோடு போய்விட்டாள். அவள் நம்பரைப் போட்டால், உபயோகத்தில் இல்லை என்று வேறொருத்தி சொல்கிறாள்.

"ஆருமில்லீங்க மிஸ்."

அடுத்த குழந்தை வந்துவிட்டதா என்று வாசலை எட்டிப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்க."